ஒரே டிவிடியில் நிறைய எபிசோடுகள்
எபிசோடுகளை டிஸ்க்கில் எழுதும்போது ‘வீடியோ டிவிடி’ வேண்டாம், ‘டேட்டா டிஸ்க்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீடியோ டிவிடி என்றால் மென்பொருள் எல்லாவற்றையும் பழைய எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்க முறைக்கு மாற்றும். அதில் நல்ல தரத்தோடு சுமார் 2 மணி நேரம்தான் கொள்ளும், மேலே திணித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். டேட்டா டிஸ்க்கில் எம்பி4, எம்கேவி வீடியோ கோப்புகள் அப்படியே பதிவாவதால் தரம் குறைய வழியே இல்லை. 4.7 ஜிபி டிஸ்க்கில் 350 எம்பி கோப்புகள் 12 அடங்கும். மணிக்கணக்கில் ஓடும் கன்வெர்ஷன் வேலையும் மிச்சம், எனக்கு அதுதான் பெரிய லாபம்.

ஆனால் பழைய டிவிடி பிளேயர்களில் பெரும்பாலும் இந்த டேட்டா டிஸ்க் ஓடாது. கோப்புகளே எம்பெக்-2 என்றால் இடமும் மிச்சமாகாது.