சீமைச்சுண்ணாம்புக் குன்றுகளில் ஒரு நாள் நடை: ஹாஸக்ஸ் முதல் லூயிஸ் வரை

இங்கிலாந்தின் தெற்கே, வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சுமார் 160 கிலோமீட்டர் நீள்கிறது சவுத் டவுன்ஸ் வே. 1972இல் திறக்கப்பட்ட தேசிய நடைத்தடம் இது. முழுவதும் நடக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கையில் ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் ஹாஸக்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, மலைமுகட்டில் ஏறி, லூயிஸ் நிலையத்தில் முடியுங்கள். தூரம் சுமார் 15 கிலோமீட்டர். இரு முனையிலும் ரயில் இருப்பதால் கார் வேண்டாம். மேற்கிலிருந்து கிழக்காகவே நடங்கள். இங்கே தென்மேற்குக் காற்றுதான் அதிகம். அது முதுகுப் பக்கம் இருந்தால் பாதிக் களைப்பு குறையும்.

இந்தக் குன்றுகள் முழுக்கச் சீமைச்சுண்ணாம்பு. கரும்பலகையில் எழுதுகிறோமே, அந்த வெள்ளைக்கல் வகைதான். மழைநீரை இந்தக் கல் உள்ளே உறிஞ்சிவிடும். அதனால் முகட்டில் ஓடையோ ஊற்றோ கிடையாது. தண்ணீர் அடிவாரத்தில், களிமண்ணைத் தொடும் இடத்தில்தான் வெளியே வருகிறது. கிராமங்களும் அங்கேதான். மேலே ஆங்காங்கே தெரியும் வட்டக் குட்டைகள் ஆடுமாடுகளுக்காகக் களிமண் பூசி அமைத்தவை. அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. வெயில் காலத்தில் ஆளுக்கு 2 லிட்டர், மற்ற நாளில் ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஹாஸக்ஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். முகட்டில் நிழலும் அரிதுதான். தொப்பி அவசியம். காற்று குளிர்ச்சியாக வீசுவதால் வெயில் சுடுவது தெரியாது. மாலையில்தான் கழுத்து எரியும்.

செருப்பு விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். காய்ந்த சுண்ணாம்பில் எந்த ஷூவும் பிடிக்கும். நனைந்துவிட்டால் மேற்பரப்பு குழைந்து, சோப்பு தடவியது போல் வழுக்கும். இடையிடையே துருத்தி நிற்கும் சிக்கிமுக்கிக் கற்கள் ஈரத்தில் கண்ணாடி மாதிரி. ஏறும்போது விழுவதைவிட இறங்கும்போதே அதிகம் விழுவார்கள். அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள நடை பூட்ஸ் போடுங்கள். சரிவில் காலடியைச் சிறிதாக வையுங்கள். தேய்ந்து பளபளக்கும் வெள்ளைத் தடத்தை விட்டு, ஓரத்துப் புல்லில் மிதியுங்கள். குளிர்காலத்தில் ஊன்றுகோல் ஒன்றாவது இருக்கட்டும்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் விதி உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இந்த வழியில் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 300 மீட்டர். ஆக மூன்றரை மணி நேரம். ஓய்வும் சாப்பாடும் சேர்த்தால் ஐந்து. டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டும். அந்த மாதத்தில் காலை 9 மணிக்கு நடையைத் தொடங்கிவிட வேண்டும், நெற்றி விளக்கும் வேண்டும்.

வரைபடம்: பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்11. அளவு 1:25,000. வயல் வேலிகள் வரை அதில் தெரியும். கைபேசி வரைபடமும் சரிதான், ஆனால் வீட்டிலேயே கைபேசியில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

நிலையத்திலிருந்து ரயில் பாதையை ஒட்டித் தெற்கே போகும் நடைபாதையில் கிளேட்டன் கிராமத்துக்கு வாருங்கள். அடிவாரக் களிமண் என்பதால் நவம்பர் முதல் மார்ச் வரை இந்தப் பகுதியில்தான் சேறு மோசம். கிளேட்டன் தேவாலயச் சுவரில் 1100ஆம் ஆண்டை ஒட்டிய ஓவியங்கள் உள்ளன. பத்து நிமிடம் ஒதுக்கலாம், தகும். அங்கிருந்து செங்குத்தாக ஏறினால் இரண்டு காற்றாலைகள். வெள்ளை மரத்தாலானது ஜில், கறுப்புக் கோபுரம் ஜாக். அவற்றைத் தாண்டியதும் சவுத் டவுன்ஸ் வே. அதில் கிழக்கே திரும்புங்கள்.

இனி டிச்லிங் பீக்கன் என்ற குன்று வரை முகட்டு நடை. உயரம் 248 மீட்டர். இடப்பக்கம், அதாவது வடக்கே, குன்று சட்டென்று சரியும். வலப்பக்கம் மெல்ல இறங்கிக் கடலை நோக்கிப் போகும். மூடுபனி கவிந்தால் இதை நினைவில் வையுங்கள்: செங்குத்துச் சரிவு இடக்கைப் பக்கம் இருக்கும் வரை நீங்கள் கிழக்கேதான் போகிறீர்கள். பீக்கனில் கழிப்பறை கிடையாது. கார் நிறுத்துமிடத்தை ஒட்டிச் சாலையைக் கடக்கும்போது நின்று பாருங்கள். சைக்கிள்கள் மிக வேகமாக இறங்கும்.

இந்த வழியில் அதிகம் பேர் தவறவிடும் இடம் இதற்கு அடுத்து வருகிறது. தேசியத் தடங்களுக்கு ஓக் மரக் கொட்டையான ஏகார்ன்தான் அடையாளம். காலையிலிருந்து அதையே பார்த்து நடந்திருப்பீர்கள். பிளாக்கேப் குன்றுக்குச் சற்று முன்னால் அந்த அடையாளம் வலப்பக்கம் தெற்கே திரும்பும். அதோடு போனால் ஏ27 நெடுஞ்சாலையில் போய் நிற்பீர்கள். லூயிஸ் போக ஏகார்னை அங்கே விட்டுவிட்டு நேர் கிழக்கே நடந்து, மரக்கூட்டம் நிற்கும் பிளாக்கேப் (206 மீட்டர்) மேல் ஏறுங்கள்.

அதன்பின் வழிகாட்டி அம்பின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் நடப்பவருக்கு மட்டும். நீலம் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. குதிரை வந்தால் ஓரமாக நின்று ஒரு வார்த்தை பேசுங்கள்; மனிதக் குரல் கேட்டால் அது மிரளாது.

வழியில் பயிர் நிற்கும் வயல் குறுக்கே வந்தால் தயங்க வேண்டாம். உழுதாலும் விதைத்தாலும் வயலுக்குள் செல்லும் நடைபாதையைக் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்கு விவசாயி திரும்ப ஏற்படுத்தித் தர வேண்டும் என்பது சட்டம். வரைபடத்தில் உள்ள கோட்டிலேயே, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். மரியாதை என்று நினைத்து ஓரம் சுற்றிப் போகிறவர்கள் உண்டு. உங்கள் உரிமை அந்தக் கோட்டில்தான், ஓரத்தில் இல்லை. திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விடுங்கள்.

ஊரில் மாட்டைத் தட்டிக்கொடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே கன்றுகளோடு மேயும் தாய்ப்பசுக்கள் மனிதக் கைக்குப் பழகாதவை. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், வேலியோரமாகச் சுற்றிச் செல்லுங்கள். நாய் கூட வந்தால் கயிற்றில் பிடியுங்கள். மாடு துரத்தினால் மட்டும் உடனே அவிழ்த்துவிடுங்கள். மாட்டுக்குக் குறி நாய்தான், அது ஓடித் தப்பிவிடும். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, பாதையை விட்டு விலகியும் யாரும் நடக்கலாம் என்ற பொது அனுமதி நிலங்களில் நாய்க்கு 2 மீட்டருக்கு மேற்படாத கயிறு கட்டாயம். வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும் காலம் அது.

பிளாக்கேப்பிலிருந்து இறங்கினால் பழைய குதிரைப் பந்தயத் திடல். 1264 மே 14 அன்று மூன்றாம் ஹென்றி மன்னரை, கிளர்ச்சி செய்த பிரபுக்களின் தலைவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட் தோற்கடித்தது இந்தச் சரிவுகளில்தான். சிறைச்சாலைக்கு அருகே ஊருக்குள் நுழைந்து, கடைத்தெரு வழியாக இறங்கினால் நிலையம்.

ரயிலில் உட்காரும் முன் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயோ தீக்குச்சியோ வேண்டாம். அடுத்த வாரங்களில் வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். பூட்ஸை அன்றிரவே கழுவிவிடுங்கள். சுண்ணாம்புச் சேறு காய்ந்தால் பூட்ஸ் தோலின் எண்ணெயை உறிஞ்சி வெடிப்பு விழச் செய்யும்.