கை பெருசாயிடும்னு பயந்து ஜிம்ல நாம பண்ற தப்புங்க

சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்கு கெளம்புற அவசரத்துல பட்டு ரவிக்கைய எடுத்து மாட்டுனா கை முழங்கைக்கு மேல ஏறவே மாட்டேங்குது. அப்போ நான் ஜிம்ல வெயிட் தூக்க ஆரம்பிச்சு நாலு மாசம் தான் ஆகியிருந்துச்சு. கதவுக்கு வெளிய நின்ன அத்தை சும்மா இருப்பாங்களா, "நான் அப்பவே சொன்னேனே, பொம்பளப்புள்ள இரும்ப தூக்குனா பயில்வான் மாதிரி தான் ஆகும்"னு ஆரம்பிச்சுட்டாங்க, நானும் அத நம்பி மூணு வாரம் ஜிம் பக்கமே எட்டி பாக்கல. அப்புறம் ஒரு நாள் டேப் எடுத்து அளந்தப்போ தான் தெரிஞ்சுது, கை அரை இன்ச் தான் கூடியிருக்கு, இடுப்பு ரெண்டு இன்ச் கொறஞ்சிருக்கு, அந்த ரவிக்கை நாலு வருஷத்துக்கு முன்னாடி தெச்சது, நடுவுல ஒரு பிரசவமும் முடிஞ்சிருக்கு. பழி மட்டும் டம்பெல் மேல.

பயம் ஒண்ணு தான், ஆனா அதுலேர்ந்து கெளம்புற தப்பு ஏகப்பட்டது. நான் பண்ணது, கூட வர்ற பொண்ணுங்க பண்றத பாத்தது எல்லாம் சேத்து தான் இத எழுதுறேன்.

எல்லாத்துக்கும் தாய் தப்பு அந்த ரோஸ் கலர் 2 கிலோ டம்பெல். எந்த ஜிம்முக்கு போனாலும் பொண்ணுங்க கையில அது தான் இருக்கும், வருஷக்கணக்கா அதே 2 கிலோ, 30 ரெப்ஸ் (விடாம 30 தடவ தூக்கி எறக்குறது), கேட்டா "எனக்கு மசில் வேணாம், டோன் ஆனா போதும்". வீட்டுல இதே ஆளு 12 கிலோ புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டே தோசை ஊத்துவாங்க, 25 கிலோ அரிசி சிப்பத்த சமையல்கட்டு வரைக்கும் இழுத்துட்டு வருவாங்க, சிலிண்டர்ல கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போட சேத்தா 30 கிலோ கிட்ட வரும், அதையும் உருட்டி மாட்டிடுவாங்க. அங்கெல்லாம் பயம் வராது, ஜிம் வாசல தாண்டுனதும் மட்டும் 5 கிலோ டம்பெல் பூதம் மாதிரி தெரியும்.

டோன்னு தனியா ஒரு விஷயம் கெடையவே கெடையாதுங்க. கொஞ்சம் மசில் இருந்து அதுக்கு மேல இருக்குற கொழுப்பு கொஞ்சம் கொறைஞ்சா வெளிய தெரியுற ஷேப்புக்கு தான் டோன்னு பேரு. அதுக்கு மசில் வேணும், மசிலுக்கு வேல குடுக்கணும். இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு, லேசான வெயிட்ட 25, 30 தடவ, இனிமே ஒண்ணு கூட முடியாதுங்குற நெலம வரைக்கும் தூக்குனா அதுலயும் மசில் கிட்டத்தட்ட ஹெவி வெயிட் அளவுக்கு வளரும், ஹெவியா தூக்குனா கூடுதலா வர்றது பலம். அதாவது பல்க் ஆகாம, ஒடம்பு பெருத்து போகாம இருக்க லைட் வெயிட்டுங்குற கணக்கே தலைகீழ். 2 கிலோல ஒண்ணும் வளராததுக்கு காரணம் அத 30 தடவ தூக்கியும் பக்கத்துல இருக்குறவங்களோட சீரியல் கத பேச நமக்கு மூச்சு மிச்சம் இருக்கு, அவ்ளோ தான்.

சரி ஏன் அவ்ளோ ஈசியா பெருசாகாதுன்னா, ஒண்ணு ஹார்மோன். டெஸ்டோஸ்டிரோன் பொண்ணுங்களுக்கு ரத்தத்துல ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 15-லேர்ந்து 70 நானோகிராம், ஆம்பளைங்களுக்கு 300-லேர்ந்து 1000 வரைக்கும். அதுக்காக நமக்கு மசிலே வளராதுன்னு சொல்ல வரல, சதவீத கணக்குல பாத்தா ட்ரெயினிங் எடுக்குற ஆணுக்கும் பொண்ணுக்கும் வளர்ச்சி ஏறக்கொறைய ஒரே மாதிரி தான், ஆனா நாம ஆரம்பிக்கிற அளவே சின்னது. சின்னதுல 10 சதவீதம் எவ்ளோ வந்துடும் சொல்லுங்க? ரெண்டாவது நேரம். மாசத்துக்கு கால் கிலோ மசில் வந்தாலே அது நல்லா சாப்ட்டு நல்லா தூங்கி ஒழுங்கா தூக்குனவங்களுக்கு தான். ஒரு நாள் காலைல எழுந்து கண்ணாடி பாத்தா பயில்வான் நிக்குறதெல்லாம் நடக்காது, தோள் போதும்னு தோணுச்சுன்னா அந்த எடையிலேயே நிறுத்திக்கலாம், யாரும் அடிக்க மாட்டாங்க.

நம்ம நாட்டு வெயிட்லிஃப்டர் மீராபாய் சானுவ எடுத்துக்கோங்க. டோக்கியோ ஒலிம்பிக்ல 49 கிலோ பிரிவு, கிளீன் அண்ட் ஜெர்க்ல, அதாவது மொதல்ல தோளுக்கு ஏத்தி அப்புறம் தலைக்கு மேல போறதுல, 115 கிலோவ தூக்கி வெள்ளி வாங்குனாங்க, ஒரே வீச்சுல தலைக்கு மேல போற ஸ்னாட்ச்ல 87, மொத்தம் 202. ஒயரம் 4 அடி 11 அங்குலம் தான். தன் எடைய போல ரெண்டு மடங்குக்கு மேல தூக்குற அந்த பொண்ணு பஸ்ல பக்கத்து சீட்ல உக்காந்தா பாதி பேருக்கு அடையாளமே தெரியாது. பலம்ங்குறது மசில் சைஸ்ல மட்டும் இல்ல, மூளையிலேர்ந்து மசிலுக்கு போற கட்டளை, டெக்னிக் எல்லாம் சேந்தது, அதனால தான் ஆரம்பத்துல சில வாரத்துலயே தூக்குற எடை மளமளன்னு ஏறும், கை அளவு அந்த வேகத்துல ஏறாது. 2000-ல சிட்னில தான் ஒலிம்பிக்ல பொண்ணுங்களுக்கு வெயிட்லிஃப்டிங்கே வந்துச்சு, வந்த மொத தடவையே கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம், இந்திய பொண்ணு ஒருத்தர் வாங்குன மொத ஒலிம்பிக் மெடலே அது தான். நம்ம ஊர் கதையே வேணும்னா திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளைல பொங்கலுக்கு நடக்குற இளவட்டக்கல் போட்டிய பாருங்க, பொண்ணுங்களும் கல்ல தூக்கி தோள்ல போடுறாங்க.

அடுத்த தப்பு போட்டோவ பாத்து முடிவு பண்றது. போன்ல வர்ற அந்த பாடிபில்டர் பொண்ணுங்க படம் இருக்கே, அது போட்டி மேடைல எடுத்தது, பத்து வருஷ ஒழைப்பு, மாசக்கணக்குல அளந்து சாப்ட்டு கொழுப்ப கொறச்சு, தோல்ல கலர் பூசி, மேடை ஏறும்போது மசில இறுக்கி காட்டுற நிமிஷம். அதுல சிலர் ஸ்டீராய்டும் எடுப்பாங்க. அவங்களே வருஷம் பூரா அப்படி இருக்க மாட்டாங்க. தற்செயலா அந்த மாதிரி ஆயிடுவோம்னு பயப்படுறது கார் ஓட்ட கத்துக்க போறப்போவே ரேஸ்ல ஜெயிச்சுடுவோமோன்னு கவலப்படுற மாதிரி. அப்படி ஒடம்பு வேணும்னு ஆசப்பட்டு ஒழைக்குற பொண்ணுங்கள கேலி பண்றதும் தப்பு தான், அத தனியா சொல்லிக்கிறேன்.

இப்போ நெறைய பேர் கவுந்து விழுற எடம், மொத ஆறு வாரம். இத கொஞ்சம் நிதானமா படிங்க. வெயிட் தூக்க ஆரம்பிச்சதும் மசில் தன்னோட எரிபொருளா கிளைகோஜன சேத்து வெக்கும், ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணிய பிடிச்சு வெக்கும், பழக்கமில்லாத வேல செஞ்சதால லேசா வீக்கமும் இருக்கும், ஆக எடை மெஷின்ல ஒண்ணு ஒன்றரை கிலோ ஏறும், தொடை ஜீன்ஸ்ல கொஞ்சம் இறுக்கும். கொழுப்பு கொறைய இன்னும் டைம் ஆகும், மசில் மட்டும் விழிச்சிருக்கும், அந்த இடைப்பட்ட காலத்துல கை கால் நெஜமாவே கொஞ்சம் பெருசா தெரியலாம், இத மறைக்க வேண்டிய அவசியம் இல்ல. கரெக்டா அந்த நேரத்துல "பாத்தியா பல்க் ஆயிட்டேன்"னு நிறுத்திடுவாங்க, தண்ணி எறங்குற வரைக்கும் பொறுக்க மாட்டாங்க, அப்புறம் வாழ்க்க பூரா "நானும் வெயிட் தூக்கி பாத்தேன், என் ஒடம்பு வாகு அப்படி, டக்குன்னு ஏறிடும்"னு எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. மூணு மாசம் எடை மெஷின மறந்துட்டு இடுப்பு, தொடை, கை மூணையும் மாசம் ஒரு தடவ டேப்ல அளங்க, பீரியட்ஸ் சமயத்துல அளக்காதீங்க, அப்போ ஒடம்பு எப்படியும் தண்ணி கோத்துக்கும்.

சாப்பாட்டு தப்பு இன்னும் பெரிய தப்பு. மெலியணும்னு ஜிம்முக்கு வந்துட்டு காலைல ஒரு கிரீன் டீ, மதியம் ரெண்டு கரண்டி சாதம், அதுக்கு சாம்பார், ராத்திரி ரெண்டு சப்பாத்தி, இதுல எங்கேர்ந்து மசில் வரும். சாம்பார்ல பருப்பு இருக்கேன்னு சொல்லாதீங்க, நம்ம வீட்டு சாம்பார்ல பருப்ப தேடி தான் பிடிக்கணும். சாதாரணமா இருக்குறவங்களுக்கே ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஒரு கிலோ ஒடம்பு எடைக்கு 0.83 கிராம் புரோட்டீன் சொல்லுது, வெயிட் தூக்குறவங்களுக்கு 1.6 கிராம் வரைக்கும் இருந்தா நல்லது. 60 கிலோ இருக்குற பொண்ணுக்கு 50 கிராம்லேர்ந்து 96 கிராம் வரைக்கும் வருது. ஒரு முட்டைல 6 கிராம், 50 கிராம் சோயா சங்ஸ்ல 25 கிட்ட, வேகவெச்ச கோழிக்கறி 100 கிராம்ல 25-க்கு மேல, சுண்டல், பாசிப்பயறு, தயிர், பன்னீர், மீன்னு பிரிச்சு போட்டா எட்டிடலாம், பவுடர் வேணும்னு கட்டாயம் இல்ல. எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது, வே புரோட்டீன்ங்குறது பால்லேர்ந்து வர்றது, அதுக்கும் ஸ்டீராய்டுக்கும் சம்பந்தமே இல்ல. கிட்னில ஏற்கனவே பிரச்சனை இருக்குறவங்க மட்டும் டாக்டர கேட்டுட்டு கூட்டுங்க.

சாப்பாட்டோட சேந்தது ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல 15-லேர்ந்து 49 வயசு இந்திய பொண்ணுங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு. பாதிக்கு மேல! ரெண்டாவது செட்லயே மூச்சு வாங்குது, கண்ணு இருட்டுதுன்னா "எனக்கு ஸ்டாமினா இல்ல"னு முடிவு பண்ணிடாதீங்க, மொதல்ல ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுங்க. சாப்ட்ட கையோட டீ குடிக்கிற பழக்கத்தையும் விடுங்க, இரும்புச்சத்து ஒடம்புல சேராம தடுக்கும்.

இதெல்லாம் பயந்தவங்க பண்ற தப்பு. பயம் தெளிஞ்சவங்க பண்ற தப்பு வேற ரகம், ரெண்டாவது வாரமே பார்பெல்ல ரெண்டு பக்கமும் பிளேட் மாட்டி ரீல்ஸ் எடுக்குறது. வெறும் பாரே 20 கிலோ, பொண்ணுங்களுக்கான 15 கிலோ பார் ஒண்ணு இருக்கு, நம்ம ஏரியா ஜிம்ல பெரும்பாலும் இருக்காது. ஹெவின்னா 100 கிலோன்னு அர்த்தம் இல்ல. 6-லேர்ந்து 10 ரெப்ஸ்குள்ள கடைசி ரெண்டு நெஜமாவே கஷ்டமா இருக்கணும், ஆனா இன்னும் ஒண்ணு ரெண்டு தூக்க தெம்பு மிச்சம் இருக்கணும், ஒங்களுக்கு அது 8 கிலோவா இருந்தா 8 கிலோ தான் ஹெவி. டம்பெல்ல நெஞ்சோட அணைச்சு பிடிச்சு உக்காந்து எழுந்திரிக்கிறதுலேர்ந்து ஆரம்பிங்க. டெட்லிஃப்ட்டுக்கு, அதாவது தரையில இருக்குற வெயிட்ட நிமிந்து நின்னு தூக்குறதுக்கு, எனக்கு எங்க கோச் சொல்லி குடுத்த வழி, பின்னாடி செவுரு இருக்குற மாதிரி நெனச்சுட்டு இடுப்ப பின்னாடி தள்ளி அத தொடணும், முதுகு கூனவே கூடாது. அது சரியா வந்ததுக்கப்புறம் ரெண்டரை ரெண்டரை கிலோவா ஏத்துங்க, நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க. வாரம் ஒரு புது வீடியோ பாத்து வொர்க்அவுட்ட மாத்திட்டே இருந்தா ஏறுதா எறங்குதான்னு ஒங்களுக்கே தெரியாது.

யாரும் வாய தொறக்காத ஒண்ணு இருக்கு. வெயிட் தூக்கும்போது, ஜம்ப் பண்ணும்போது, தும்மும்போது லேசா யூரின் லீக் ஆகுறது. பிரசவத்துக்கு அப்புறம் நெறைய பேருக்கு வரும், எனக்கும் வந்துச்சு, வெக்கப்பட்டு கருப்பு பேன்ட் போட்டுட்டு சமாளிச்சேன், அது தான் நான் பண்ணதுலயே பெரிய தப்பு. அடி இடுப்ப தாங்குற தசை தளர்ந்து போனதால வர்றது, அதுக்குன்னு எக்சர்சைஸ் இருக்கு, அத சொல்லி குடுக்குற பிசியோதெரபிஸ்ட் இருக்காங்க, லேடி டாக்டர்கிட்ட கேட்டா அனுப்புவாங்க. அது சரியாகுற வரைக்கும் எடைய கொறச்சு, மூச்ச அடக்காம, தூக்குறப்போ மூச்ச வெளிய விட்டு பண்ணுங்க. சிசேரியன்னா டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் இரும்பு பக்கம் போகவே வேணாம்.

ட்ரெயினர் சொல்றத எல்லாம் வேதவாக்கா எடுக்குறதும் ஆபத்து. "லேடீஸ்லாம் அந்த பக்கம் ட்ரெட்மில்"னு தள்ளி விடுறவங்க ஒரு வகை, சீக்கிரம் மெலிய ஃபேட் பர்னர், ஊசின்னு நீட்டுறவங்க இன்னொரு வகை. ரெண்டாவது வகைய பாத்தா ஓடிடுங்க, அதுல அனபாலிக் ஸ்டீராய்டு (மசில் ஏத்துற, ஆண் ஹார்மோன் மாதிரி மருந்து) இருந்து பொண்ணுங்க ஒடம்புல போனா கொரல் கட்டையாகும், நிறுத்துனாலும் பழையபடி திரும்பாம போகலாம். அத்தை பயப்படுற பூதம் பாட்டில்ல தான் இருக்கு, பார்பெல்ல இல்ல.

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி, பீரியட்ஸ் தள்ளிப்போற ஹார்மோன் பிரச்சனை) இருக்கு, எனக்கு ஆண் ஹார்மோன் அதிகம், அதனால தூக்க கூடாதான்னு கேக்குறாங்க. தூக்குங்க, இன்சுலின் சரியா வேல செய்ய மசில் ஒதவும். பீரியட்ஸ்ல முடிஞ்சா தூக்குங்க, முடியலன்னா ரெஸ்ட். நிறுத்துனா மசில் கொழுப்பா மாறிடும்ங்குறது பொய், ரெண்டும் வேற வேற திசு, நிறுத்துனா மசில் கொறையும், சாப்பாட்ட கொறைக்கலன்னா கொழுப்பு தனியா ஏறும்.

இதுல எனக்கு ரொம்ப வருத்தமான தப்பு, நாம மட்டும் ஜிம்முக்கு போயிட்டு அம்மாவ வீட்டுலயே விட்டுடுறது. பீரியட்ஸ் நின்னதுக்கு அப்புறம் எலும்பு வேகமா தேயும், அப்போ தான் வெயிட் ரொம்ப தேவ. ஆஸ்திரேலியால லிஃப்ட்மோர்னு ஒரு ஆய்வு, 2018-ல வந்துச்சு, பீரியட்ஸ் நின்னு எலும்பு அடர்த்தி கொறஞ்ச பொண்ணுங்கள பக்கத்துலயே ஆள் நின்னு பாத்துக்க, வாரம் ரெண்டு நாள், அரை மணி நேரம், டெட்லிஃப்ட், ஸ்குவாட் (வெயிட்டோட உக்காந்து எழுந்திரிக்கிறது), ஓவர்ஹெட் பிரஸ் (தோள்லேர்ந்து தலைக்கு மேல தூக்குறது) எல்லாம் நல்ல ஹெவியா எட்டு மாசம் பண்ண வெச்சாங்க. முதுகெலும்பு அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடுச்சு, வீட்டுலயே லேசா எக்சர்சைஸ் பண்ண குரூப்புக்கு கொறஞ்சுது. எங்கம்மாவுக்கு 58 வயசு, மூட்டு வலின்னு உக்காந்தே இருந்தாங்க, டாக்டர பாத்துட்டு மெதுவா ஆரம்பிச்சோம், இப்போ 20 கிலோ டெட்லிஃப்ட் பண்றாங்க. ஒடம்புல ஒரு இன்ச் கூட பெருசாகல, அரிசி சிப்பத்த தூக்க மட்டும் இப்போ யாரையும் கூப்பிடுறதில்ல.

அப்புறம் அந்த பட்டு ரவிக்கை. டெய்லர் அக்காகிட்ட குடுத்தேன், கையில உள்ள விட்டிருந்த துணிய பிரிச்சு ரெண்டு தையல் போட்டாங்க, 50 ரூபா. நீங்க வெயிட் தூக்க ஆரம்பிச்சா இனிமே தெக்கிற ரவிக்கைக்கெல்லாம் கையில அரை இன்ச் துணி உள்ள விட சொல்லிடுங்க, இடுப்புல பிடிக்க சொல்லுங்க.