பிரேக் இல்லாத வண்டிக்குக் கணக்கு எழுதுவது எப்படி

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். நம் கோயம்புத்தூர்க்காரர், இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் வேலை. "ஏனுங்கண்ணா, பையன் ஸ்பீட்வே ஓட்டியே ஆகணும்னு நிக்கிறான். விசாரிக்கலாம்னு கிளப்புக்குப் போனேன். நீங்க அக்கவுண்ட்ஸ்லதானே இருக்கீங்க, எங்களுக்குப் பொருளாளர் இல்லைன்னு என்னைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டாங்க" என்றார். ஏழு சீசனுக்கு முன்னால் நான் மாட்டியதும் இதே வழியில்தான். அன்று அவரிடம் ஒன்றரை மணி நேரம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஸ்பீட்வே என்றதும் கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வே நினைவுக்கு வரும். அது தார்ப் பாதை. இது வேறு, மோட்டார் பைக் பந்தயம். நீள்வட்டத் தடம், மேலே ஷேல் என்கிற நொறுங்கிய கல்மண். நாலு பேர், நாலு சுற்று, எப்போதும் இடப்பக்கத் திருப்பம். 500 சிசி வண்டி மெத்தனாலில் ஓடும். ஒரே கியர், பிரேக் கிடையாது. ஒரு ஹீட், அதாவது ஒரு ஓட்டம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அணிக்கு ஏழு பேர், ஒரு மேட்ச்சுக்கு 15 ஹீட். பார்க்க வருகிறவர்கள் புரோகிராமைத் தொடையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஹீட்டுக்கும் பேனாவால் புள்ளி எழுதுவார்கள். இவர்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்த விளையாட்டே பிடித்தது. எழுபது வயதுப் பாட்டி கூட்டல் தப்பில்லாமல் போடுகிறார்!

சரி, வேலைக்கு வருவோம். பொருளாளர் முதலில் கேட்க வேண்டியது வங்கிக் கணக்கை அல்ல, மைதானக் குத்தகைப் பத்திரத்தை. பிரிட்டனில் பெரும்பாலான கிளப்புகளுக்குச் சொந்த இடம் கிடையாது. நாய்ப் பந்தயக்காரருடையதோ, நகராட்சியுடையதோ, வீடு கட்டி விற்கக் காத்திருக்கிற யாருடையதோவாக இருக்கும். கவென்ட்ரியின் பிராண்டன் மைதானத்தில் 2016-உடன் ஓட்டம் நின்றது. பீட்டர்பரோவும் வுல்வர்ஹாம்ப்டனும் 2023 இறுதியில் இடமிழந்தன. மூன்றுமே பட்டங்கள் வென்ற கிளப்புகள். திரும்பி வந்ததும் உண்டு: 2007-இல் நின்றுபோன ஆக்ஸ்ஃபோர்டு 2022-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் பதினைந்து வருடம் காத்திருக்க எந்தப் பையனுக்கும் வயது கிடையாது.

பத்திரத்தில் நான்கு விஷயத்தைப் பென்சிலால் கோடிடுங்கள். வெளியேறச் சொல்ல எத்தனை மாத அறிவிப்பு? வருடத்துக்கு எத்தனை ஓட்ட நாள், அதில் பயிற்சி நாளும் சேருமா? இரவு எத்தனை மணிக்கு இன்ஜின் சத்தம் நிற்க வேண்டும்? பாரும் பர்கர் கடையும் கார் நிறுத்தமும் யாருக்கு வருமானம்? கடைசிக் கேள்விக்கு "மைதானக்காரருக்கு" என்பது பதிலானால், உங்கள் வருமானம் கேட்டில் வாங்குகிற டிக்கெட்டும், புரோகிராமும், ஸ்பான்சரும்தான். அதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது ஒரு இரவுக் கணக்கு. கையில் எண் இருந்தால் புரியும் என்பதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை, எந்தக் கிளப்பினுடையவையும் அல்ல. 20 பவுண்டு டிக்கெட்டில் 600 பெரியவர்கள் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12,000 பவுண்டு. கிளப்பை நடத்துகிற புரமோட்டர் அந்த எண்ணைச் சொல்லித்தான் சந்தோஷப்படுவார். நீங்கள் படாதீர்கள். கிளப் கம்பெனியாக நடந்து, ஆண்டு விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டியிருந்தால் அதற்குள் 20 சதவீத வாட் வரி உட்கார்ந்திருக்கிறது. 2,000 அரசுக்கு. உங்களுடையது 10,000.

அடுத்தது புள்ளிக் கூலி. ரைடர்கள் மாதச் சம்பளக்காரர்கள் அல்ல. வண்டி அவர்களுடையது, மெக்கானிக் அவர்களுடையவர், கூலியின் பெரும்பகுதி எடுத்த புள்ளிக்கு. முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1. ஹீட்டுக்கு 6 புள்ளி என்றால் 15 ஹீட்டுக்கு 90. இதில் போனஸ் என்று ஒன்று உண்டு. சொந்த அணிக்காரனுக்கு நேர் பின்னால் வந்து, எதிரணியில் ஒருவரையாவது முந்தினால் ஒரு புள்ளிக்குக் கூடுதல் கூலி. ஆக உங்கள் பையன்கள் ஒரு ஹீட்டை 5-1 என்று ஜெயித்தால் பலகையில் 5, உங்கள் செக் புத்தகத்தில் 6.

50-40 என்று ஜெயித்த இரவில் போனஸ் 7 சேர்த்து 57 புள்ளி. புள்ளிக்குச் சராசரி 50 பவுண்டு என்றால் 2,850. அப்புறம் அடுத்த வாரம் வெளியூர். அங்கே கேட் வசூல் அவர்களுக்கு, உங்கள் பையன்களின் கூலி உங்களுக்கு. 42 புள்ளியும் 5 போனஸும் என்றால் 2,350. ஆக ஒரு உள்ளூர் இரவு இரண்டு மேட்ச்சுக்கான 5,200 பவுண்டைத் தாங்க வேண்டும். மிச்சம் 4,800-இல் வாடகை, ஆம்புலன்ஸும் மருத்துவரும், ரெஃப்ரி, காப்பீடு, ஷேல், தடம் நனைக்கிற தண்ணீர் லாரி, டிராக்டர் டீசல், விழுகிறவரைத் தாங்கும் காற்றடைத்த தடுப்பின் பழுது, வெளியூர்ப் பயணக் காசு. முதல் வருடம் நான் இதைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே விடைதான்.

இத்தனையும் மழை பெய்யாவிட்டால்.

மழைக்கு இரண்டு உள்ளூர் இரவுகளை ஏப்ரலிலேயே கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். வராவிட்டால் லாபம். ரத்து செய்வதானால் மதியத்துக்குள் செய்யச் சொல்லிப் புரமோட்டரிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். மதியம் ரத்தானால் ரைடரின் வேன் கிளம்பியிருக்காது, பல செலவைத் தடுக்கலாம். மாலை ஏழுக்கு, இரண்டு ஹீட் ஓடிய பின் ரத்தானால் எல்லாச் செலவும் நின்றபடியே நிற்கும், கூட்டத்துக்கு மறுநுழைவுச் சீட்டும் தர வேண்டியிருக்கும். அந்தச் சீட்டு உங்கள் கடன். அதற்குரிய பணத்தை அன்றைய வரவாக எழுதாதீர்கள், மறுபடி ஓட்டம் நடக்கும்வரை தனியாக நிறுத்துங்கள். இந்த ஒரு பழக்கம் எங்களை இரண்டு முறை காப்பாற்றியது.

இனி பையன்கள் விஷயம். நான் இதை எழுதக் காரணமே இதுதான்.

என் முதல் சீசனில் எல்லாப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில். மே மாதம் மழை, மூன்று வெள்ளிக்கிழமை ஓட்டம் போனது. ஜூலையில் எதை வெட்டலாம் என்று கூட்டம் போட்டோம். முதல் ரைடரின் கூலியை வெட்ட முடியாது, ஆம்புலன்ஸை வெட்டவே முடியாது. கண்ணில் பட்டது செகண்ட் ஹாஃப். பெரிய மேட்ச் முடிந்தபின் சிறுவர்களுக்கு நாலைந்து ஓட்டம் விடுவார்களே, அது. ஆம்புலன்ஸை இன்னும் முக்கால் மணி நேரம் நிறுத்த வேண்டியிருந்தது, சத்தக் கட்டுப்பாடு வேறு. "இந்த மாதம் மட்டும்" என்று நானே கை தூக்கினேன். அந்த மாதம் செப்டம்பர் வரை நீண்டது. பதினாலு வயதுப் பையன் ஒருவன் வண்டியை விற்றுவிட்டு மோட்டோகிராஸுக்குப் போய்விட்டான். அவன் அப்பா என்னிடம் கோபிக்கவில்லை, கை குலுக்கிவிட்டுப் போனார். கோபித்திருக்கலாம்.

ஆகவே தம்பிக்குச் சொன்னது: சீசன் தொடங்கும் முன்பே இளைஞர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு திறங்கள். இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று பெற்றோருடையது. புரமோட்டர் கையெழுத்து கூடாது. எங்கள் புரமோட்டர் இதற்கு முகம் சுளித்தார். "என்னை நம்பலையா?" என்றார். "உங்களை நம்புறேன், மே மாசத்தைத்தான் நம்பலை" என்றேன்.

அந்தக் கணக்குக்கு எது வரும்? கேட் வசூல் ஒரு காசு வேண்டாம். அது மழையோடு சேர்ந்தது. ராஃபிள் சீட்டு, பாதிக்குப் பாதி குலுக்கல் (வசூலில் பாதி ஜெயித்தவருக்கு, பாதி நமக்கு), குளிர்காலச் சாப்பாட்டு விழா. இதைவிட நல்லது, பெரியவர்களுக்கான 'ஒரு நாள் ஓட்டிப் பார்' பயிற்சி. நாற்பது வயதில் ஆசைப்படுகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். காலையில் அவர்கள் காசு கொடுத்து ஓட்டட்டும், மதியம் அதே தடத்தில், அதே ஆம்புலன்ஸின் காவலில் பிள்ளைகள் ஓட்டட்டும். பயிற்சி நாளின் பெரிய செலவு மருத்துவக் காவல்தான். ஐந்து பிள்ளைகள் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் அது ஒன்றே. பக்கத்துக் கிளப்போடு நாளைப் பங்கிட்டால் இன்னும் குறையும். புரமோட்டர்கள் பேசிக்கொள்ளாவிட்டாலும் பொருளாளர்கள் பேசிக்கொள்ளலாம்.

ஸ்பான்சரிடம் பணம் கேட்காதீர்கள், டயர் கேளுங்கள். பக்கத்து ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரிடம் போனேன். முழுதும் கேட்டுவிட்டு, "தம்பி, பிரேக் இல்லாத வண்டிக்கோ நான் காசு தர வேணும்?" என்றார். "காசு வேண்டாங்க ஐயா. ஒரு பையனுக்கு இந்த சீசன் பின் டயர் செலவு உங்களுது" என்றேன். டயர் கடைக்கு அவரே நேராகக் கட்டினார். பையனின் உடையில் அவர் கடைப் பெயர். இப்போது வெள்ளிக்கிழமை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து பேனாவோடு உட்காருகிறார்.

ஒரு பிள்ளை 125 சிசியில் தொடங்கி, 250-க்குப் போய், பதினைந்து பதினாறில் 500-க்கு ஏறும். ஒவ்வொரு ஏற்றத்திலும் குடும்பம் புதிதாக வாங்க வேண்டும், அங்கேதான் பாதிப் பேர் நிற்பார்கள். கிளப்புக்கென்று இரண்டு 125, இரண்டு 250 வைத்திருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு: எத்தனை ஓட்டம், எப்போது எண்ணெய் மாற்றியது, யார் விழுந்தார்கள். வாடகை வேண்டாம், முன்பணம் வாங்குங்கள், திருப்பிக் கொடுங்கள். சிறுவர்களோடு பழகும் பெரியவர்கள் எல்லாருக்கும் டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, பெற்றோர் கையெழுத்து, இவற்றில் சலுகையே காட்டாதீர்கள். பதினாறு வயதுக்காரனுக்கு மே, ஜூனில் ஜிசிஎஸ்இ பரீட்சை. அந்த வாரங்களில் பயிற்சி வைத்தால் அவன் அம்மா உங்கள் எதிரி.

பெற்றோருக்குப் புரியாத ஒன்று சராசரி. இதை நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். எடுத்த புள்ளியையும் போனஸையும் கூட்டி, ஓடிய ஹீட்டால் வகுத்து, நாலால் பெருக்க வேண்டும். 60 ஹீட்டில் 84 என்றால் 5.60. சீசன் தொடங்கும்போது அணியின் சராசரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. பணக்காரக் கிளப் எல்லாரையும் வாங்கிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் சராசரி குறைந்த பையனை ரிசர்வில், அதாவது அணியின் கடைசி இரண்டு இடங்களில், சேர்க்க எல்லாரும் அலைவார்கள். அவன் நன்றாக ஓட்டி 5.60 ஆனதும், வரம்புக்குள் அடங்கவில்லை என்று விட்டுவிடுவார்கள். நன்றாக ஓட்டியதற்குத் தண்டனையா என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நவம்பர் வருமுன்பே, மேல் லீக் கிளப் ஏதாவது கடனாக எடுத்துக்கொள்ளுமா என்று அவனுக்காக விசாரிக்கத் தொடங்குங்கள் என்பதுதான் நான் கற்ற பாடம்.

போலந்தில் இப்படி அலைய வேண்டியதில்லை. அங்கே ஒவ்வொரு அணியிலும் 21 வயதுக்கு உட்பட்ட இருவர் கட்டாயம். 2022-இல் அங்குள்ள மேல் லீக்கான எக்ஸ்ட்ராலிகாவின் கிளப்புகள் 24 வயதுக்கு உட்பட்டோருக்குத் தனி லீக்கே தொடங்கின. தொலைக்காட்சிப் பணம் இருக்கிறது, நகராட்சியும் கொடுக்கிறது. பிரிட்டனிலும் 2014-இல், அன்றைய மேல் லீக்கான எலீட் லீக்கில் பிரிட்டிஷ் இளைஞர்களை டிராஃப்ட் முறையில் ரிசர்வாகப் பிரித்துக் கொடுத்தார்கள். யோசனை நல்லது. பின்னால் பணம் இல்லாத விதி, வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் கீழ் மட்ட லீக்குகளை இளப்பமாக நினைக்காதீர்கள். டாய் வுஃபிண்டன் 2006-இல் ஸ்கந்தார்ப் கிளப்பில், மூன்றாம் மட்ட லீக்கில்தான் தொடங்கினார். 2013-இல் உலக சாம்பியன்.

தம்பி கடைசியாகக் கேட்டது, "பையனுக்கு முதல்ல என்ன வாங்கறதுங்கண்ணா?" வண்டி வாங்காதீர்கள், கிளப்பினதை ஓட்டட்டும். ஹெல்மெட்டும் முதுகுக் காப்பும் புதிதாக வாங்குங்கள், அதில் கஞ்சம் வேண்டாம். இரும்புச் செருப்பு மட்டும் வாங்க வேண்டாம். திருப்பத்தில் இடது காலைத் தரையில் இழுத்துப் போவதற்குப் பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்புத் தகடு அது. பிள்ளைகளின் கால் ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும், செருப்பு அதற்குள் தேய்ந்துவிடாது. எங்கள் கொட்டகையில் ஒரு பெட்டி நிறைய இடது கால் செருப்பு கிடக்கிறது, அளவு வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். ஐந்தாம் எண் இரண்டு இருக்கிறது. பையன் கால் அளவைச் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.