வீடியோ திக்கித் திக்கி ஓடுதா? முதல்ல எங்க மாட்டுதுன்னு பாருங்க

வீடியோ திக்க ஆரம்பிச்சதும் எல்லாரும் நெட்டத்தான் திட்டுவோம், இல்லன்னா ராம் போதல, கம்ப்யூட்டர் பழசாயிடுச்சுன்னு முடிவு பண்ணிடுவோம். தயவுசெஞ்சு அதுக்குள்ள காசு செலவு பண்ணிடாதீங்க. எங்க அக்கா லேப்டாப்ல பழைய படமெல்லாம் வழுக்கிட்டு ஓடும், போன்ல எடுத்த வீடியோ போட்டா மட்டும் சத்தம் ஒழுங்கா வரும், படம் நின்னு நின்னு குதிக்கும். புதுசு வாங்கறதுக்கே ரெடியாயிட்டாங்க. கடைசில பார்த்தா லேப்டாப்ல ஒரு கோளாறும் இல்ல, வீடியோவோட கோடெக் (வீடியோவ சுருக்கி வைக்கற முறை) தான் பிரச்சினை.

அதனால முதல் கேள்வி, வட்டம் சுத்திட்டு நிக்குதா, இல்ல சத்தம் ஓடிட்டே இருக்க படம் மட்டும் குதிக்குதா? வட்டம் சுத்துனா பெரும்பாலும் நெட் தான், வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ்க்கு மாத்திப் பாருங்க, முடிஞ்சா கேபிள் போடுங்க. படம் மட்டும் குதிச்சா யூடியூப்ல வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறங்க. பஃபர் ஹெல்த் (முன்கூட்டியே இறங்கி வச்சிருக்கற வீடியோ) 20, 30 செகண்ட்னு நல்லா இருக்கும்போதே டிராப்ட் ஃப்ரேம்ஸ் (காட்டாம விட்டுப்போன படங்கள்) எண்ணிக்கை ஏறிட்டே போகுதுன்னா நெட் மேல தப்பே இல்ல, வந்து சேர்ந்த வீடியோவ விரிச்சுக் காட்ட கம்ப்யூட்டருக்கு நேரம் பத்தல. செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடற வீடியோன்னா ஒரு ஃப்ரேமுக்கு வெறும் 16.7 மில்லிசெகண்ட் தான் கிடைக்குது, யோசிச்சுப் பாருங்க.

அதே பெட்டில கோடெக் பேரும் இருக்கும். ஏவிசி1னு இருந்தா அது 2003ல வந்த எச்.264, இத கிராஃபிக்ஸ் சிப்பே விரிச்சுடும், ரொம்பப் பழைய மெஷின்ல கூட. விபி9, எச்.265 ரெண்டும் 2013, ஏவி1 2018. உங்க சிப்ல அதுக்கு சப்போர்ட் இல்லன்னா மொத்த வேலையும் பிராசஸர் தலைல விழும். இன்டெல்ல 6வது தலைமுறைல சாதாரண 8 பிட் எச்.265 வந்துச்சு, 10 பிட்டும் (நிறங்கள இன்னும் நுணுக்கமா வைக்கற வகை) விபி9ம் முழுசா வந்தது 7வதுல, ஏவி1 11வதுல தான். என்விடியான்னா ஏவி1க்கு ஆர்டிஎக்ஸ் 30 சீரிஸ் இல்லன்னா அதுக்கு அப்புறம் வந்தது வேணும்.

சந்தேகம்னா வீடியோ ஓடும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு பக்கம் போங்க. 'வீடியோ டீகோட்' கிராஃப் (சிலதுல 'வீடியோ கோடெக்'னு இருக்கும்) தரையோட படுத்துக் கிடக்க, சிபியு (பிராசஸர்) மட்டும் 90, 100 சதவீதம்னு நின்னா விஷயம் புரிஞ்சுடுச்சு. குரோம்னா செட்டிங்ஸ்ல சிஸ்டம் போய் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க, விஎல்சின்னா இன்புட் / கோடெக்ஸ்ல ஹார்ட்வேர் டீகோடிங். டிவைஸ் மேனேஜர்ல 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'னு காட்டுச்சுன்னா கிராஃபிக்ஸ் டிரைவரே இல்லன்னு அர்த்தம், அத முதல்ல போடுங்க, நிறைய பேருக்கு அங்கயே சரியாயிடும்.

சிப்பே சப்போர்ட் பண்ணலன்னா யூடியூப எச்.264லயே அனுப்ப வைக்கற எச்264ஐஃபை மாதிரி பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போடுங்க, 1080பிக்கு மேல வராது, ஆனா திக்காது. உங்ககிட்ட இருக்கற ஃபைல்னா ஹேண்ட்பிரேக்னு ஒரு சாஃப்ட்வேர்ல எச்.264ஆ மாத்திக்கலாம், இலவசம் தான். அக்காவுக்கு அதத்தான் செஞ்சு கொடுத்தேன், ஒரு ராத்திரி ஓட விட்டோம், மொத்த ஃபோல்டரும் மாறிடுச்சு. ஒரிஜினல மட்டும் அழிச்சுடாதீங்க, மாத்தும்போது தரம் கொஞ்சமாவது குறையும்.

ஆரம்பத்துல நல்லா ஓடி பத்து நிமிஷம் கழிச்சுத் திக்குனா அது சூடு, ஃபேன்ல தூசி தட்டுங்க. சார்ஜர் கழட்டினா மட்டும் திக்குதுன்னா பேட்டரி சேவர். எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருக்கற ஃபைல் மட்டும் திக்குதுன்னா உள்ள காப்பி பண்ணி ஓட்டிப் பாருங்க, காப்பி ஆகறதே தடுமாறுச்சுன்னா உடனே பேக்கப் எடுங்க, டிஸ்க் போயிட்டு இருக்கலாம்.

இன்னொண்ணு, டிராப்ட் ஃப்ரேம்ஸ் பூஜ்யம், சிபியு அமைதியா இருக்கு, ஆனா படத்துல கேமரா பக்கவாட்டுல நகரும்போது மட்டும் லேசா உதறுது. படம் செகண்டுக்கு 24 ஃப்ரேம், மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 60 தடவை காட்டும்), சரியா வகுபடாது, அதனால ஒரு ஃப்ரேம் 3 தடவை, அடுத்தது 2 தடவைன்னு மாறி மாறி காட்டும். மானிட்டர்ல 120 ஹெர்ட்ஸ் இருந்தா அதுக்கு மாத்துங்க, ஒவ்வொண்ணும் சரியா 5 தடவை வரும். 60 மட்டும்தான்னா விட்டுடுங்க, கம்ப்யூட்டர்ல ரிப்பேர் பண்ண எதுவும் இல்ல.