மசாய் மாரா சஃபாரி: திட்டம் போடும்போதே நடக்கும் தவறுகள்

ஒரு வார விடுமுறையில் கென்யாவின் வனவிலங்குக் காப்பகங்களான மசாய் மாரா, நகுரு, அம்போசெலி, அப்படியே பக்கத்து நாடான தான்சானியாவின் செரங்கெட்டி என்று பட்டியல் போடுகிறவர்கள்தான் அதிகம். வரைபடத்தில் எல்லாம் பக்கத்து ஊர் மாதிரி தெரியும். நைரோபியிலிருந்து மாராவுக்கே சாலையில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். மாராவும் செரங்கெட்டியும் ஒரே புல்வெளிதான், ஆனால் எல்லையை நினைத்த இடத்தில் கடக்க முடியாது. எல்லைச் சாவடி இருக்கும் இசெபானியா வரை சுற்றிப்போய் கென்யாவை விட்டு வெளியேறி, தான்சானியாவுக்குள் நுழைய வேண்டும். ஒரு பகல் அதிலேயே போய்விடும். விலங்குகள் அதிகம் நடமாடுவது விடியற்காலையிலும் வெயில் சாய்ந்த பிறகும்தான். அந்த நேரங்களில் நாம் நெடுஞ்சாலையில் இருந்தால் பயணத்துக்கே அர்த்தமில்லை. என்னைக் கேட்டால் நான்கு இடங்களை விட்டுவிட்டு ஒரே இடத்தில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள்.

அடுத்தது மாதம். மாரா ஆற்றை வில்டபீஸ்ட் (மாடு போலத் தெரியும் ஒரு வகை மான்) கூட்டம் கடக்கும் காட்சிக்காகத்தான் பலரும் போகிறார்கள். அது பெரும்பாலும் ஜூலை இறுதியிலிருந்து அக்டோபர் வரை. பிப்ரவரியில் போனால் கூட்டம் தெற்கே, தான்சானியாவின் நுடுடு பக்கம் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். சரியான மாதத்தில் போனாலும் உத்தரவாதம் கிடையாது. ஆயிரக்கணக்கில் கரையில் வந்து நிற்கும், முதலில் நிற்பது தண்ணீரில் கால் வைக்கும், ஏதோ அசைவைப் பார்த்து மிரளும், மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவிடும். மறுபடி வர மணிக்கணக்கில் ஆகலாம், அன்றைக்கு வராமலும் போகலாம். இதற்கும்தான் அந்த மூன்று இரவு.

சிங்கமும் யானையும் மட்டும் போதுமென்றால் ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். அவை மாராவிலேயே வருடம் முழுக்க இருப்பவை. செலவும் குறையும்: 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. பேக்கேஜ் விலையில் இது அடங்குமா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். மலிவாகத் தெரியும் பேக்கேஜ்களில் இதுதான் பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தி வைப்பார்கள். சென்னைக்காரர்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. ஒருமுறை போட்டால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

பெட்டி விஷயம் சின்னதுதான். நைரோபி வில்சன் நிலையத்திலிருந்து சிறிய விமானத்தில் போவதாக இருந்தால் 15 கிலோ, அதுவும் மடங்கக்கூடிய துணிப்பை. பிளாஸ்டிக் கவர்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், கென்யாவில் 2017 முதல் தடை. ஆப்பிரிக்கா என்றால் வெயில்தான் என்று நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள். மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காலை ஆறு மணிக்குத் திறந்த வண்டியில் பல் கிட்டும்.

கடைசித் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க" என்று ஓட்டுநரை நெருக்குவது. சிவிங்கிப்புலி (சீட்டா) பெரும்பாலும் பகலில் வேட்டையாடும். சுற்றி வண்டிகள் நின்றால் இரை தப்பிவிடும், குட்டிகள் பட்டினி கிடக்கும். மாராவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சுற்றுலா வண்டிகள் நிறைய வரும் பகுதிகளில் தாய்கள் வளர்த்து ஆளாக்கிய குட்டிகள் மிகக் குறைவு என்று தெரிந்தது. கூட்டம் வேண்டாமென்றால், உள்ளூர் மசாய் பழங்குடிக் குடும்பங்களிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் நடக்கும் நபோய்ஷோ போன்ற தனிக் காப்பகங்களில் தங்கலாம். அங்கே வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. எங்கே தங்கினாலும் முதல் நாள் காலையிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: எங்களுக்காகப் பாதையை விட்டு இறங்க வேண்டாம், தூரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தால் போதும், டிப்ஸ் அதனால் குறையாது.