ஃப்ளாஷ் அடிக்கவில்லையா? கடைக்குத் தூக்கிப் போகும் முன் இதைப் பாருங்கள்

கேமரா தலையில் மாட்டும் தனி ஃப்ளாஷ் பற்றித்தான் பேசப்போகிறேன். என் கையில் புழங்குவது கேனான் என்பதால் மெனு பெயர்கள் அதிலிருந்து வரும். கேமராவின் மோட் டயலை எம்-மில் (மேனுவல்) வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

1. டெஸ்ட் பட்டன்

ஃப்ளாஷைக் கழற்றிக் கையில் வைத்து, பின்பக்கம் உள்ள டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். பளிச்சென்று அடித்தால் ஃப்ளாஷ் நன்றாக இருக்கிறது. அடிக்காவிட்டால் முதல் சந்தேகம் பேட்டரி மேல். பெட்டிக்கடையில் கிடைக்கும் டார்ச் பேட்டரியைப் போட்டுவிட்டு ஃப்ளாஷைத் திட்டாதீர்கள். நான் எனிலூப் (திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரி) தவிர வேறெதுவும் போடுவதில்லை. அதன்மேல் 1.2 வோல்ட் என்றுதானே போட்டிருக்கிறது என்று யோசிக்க வேண்டாம். 1.5 வோல்ட் அல்கலைனால் ஃப்ளாஷ் கேட்கும் வேகத்துக்குக் கரண்ட் தர முடியாது. அடுத்த அடிக்குத் தயாராக இழுத்தடிக்கும்.

புது பேட்டரியிலும் உயிர் வரவில்லையா? திறந்து பார்க்காதீர்கள். உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்குத் தேங்கியிருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும். மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

2. மாட்டிய விதம், மெனு

ஃப்ளாஷைக் கேமராவில் கடைசிவரை உள்ளே தள்ளி இறுக்குங்கள். இரண்டும் தொடும் உலோக முனைகளில் அழுக்கு இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும், உப்புத்தாள் வேண்டாம். மெனுவில் ஃப்ளாஷ் கன்ட்ரோலுக்குள் ‘ஃப்ளாஷ் ஃபயரிங்’ எனேபிளில் இருக்கிறதா பாருங்கள்.

3. நடு முனை இருக்கிறதா?

பலர் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃப்ளாஷ் மாட்டும் இடத்தை, அதாவது ஹாட் ஷூவை, வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். வழக்கமான கேனானில் நடுவே பெரிய வட்ட முனை ஒன்றும், அருகில் நான்கு சின்ன முனைகளும் இருக்கும். 2018-இல் வந்த 1500டி, 3000டி, 2019-இல் வந்த 200டி மார்க் 2 ஆகியவற்றில் அந்த நடு முனையையே எடுத்துவிட்டார்கள். கேனானின் சொந்த ஃப்ளாஷ் அந்தச் சின்ன முனைகள் வழியாகப் பேசிக்கொள்ளும், அதனால் அதற்குப் பாதிப்பில்லை. யாங்னுவோ 560 போன்ற, வெளிச்ச அளவைக் கையால் வைக்கும் மேனுவல் ஃப்ளாஷுக்கோ, விலை குறைந்த ட்ரிக்கருக்கோ (தள்ளி வைத்த ஃப்ளாஷை அடிக்கவைக்கும் கருவி) நடு முனை ஒன்றுதான் வழி. அது இல்லாவிட்டால் ஹாட் ஷூவில் மாட்டி என்ன செய்தாலும் அடிக்காது. ஃப்ளாஷும் நல்லது, கேமராவும் நல்லது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஊமை. இது தெரியாமல் ‘ஃப்ளாஷ் போச்சு’ என்று சொல்லிப் புது ஃப்ளாஷை விற்றுவிடும் கடைக்காரர்கள் உண்டு.

காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. யாங்னுவோ 560-ஐக் கழற்றித் தனியே எஸ்2 மோடில் வைத்து, கேமராவிலேயே உள்ள பாப்-அப் ஃப்ளாஷைத் தூக்கிவிட்டு எடுங்கள். அந்த வெளிச்சத்தைக் கண்டதும் இதுவும் சேர்ந்து அடிக்கும். எஸ்1 கூடாது: பாப்-அப் முதலில் அளவு பார்க்க ஒரு சின்ன அடி அடிக்கும், எஸ்1 அதற்கே அடித்துத் தீர்த்துவிடும். 200டி மார்க் 2-இல் பாப்-அப் தானாக எழும்பாது, விரலால் தூக்க வேண்டும். மண்டபத்துக்குள் இந்த முறை நன்றாக ஓடும். உச்சி வெயிலில் நம்ப வேண்டாம். புதிதாக வாங்குவதென்றால் கேனானுக்கென்றே செய்த ஈ-டிடிஎல் வகை (வெளிச்ச அளவைக் கேமராவே தீர்மானிக்கும் ஃப்ளாஷ்) வாங்குங்கள். உங்கள் கேமராவிலேயே மாட்டி அடித்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

4. படத்தில் கறுப்புப் பட்டை

ஷட்டர் வேகத்தை 1/200 நொடிக்கு இறக்குங்கள். அதற்கு மேல் போனால் ஷட்டர் திரைகள் சென்சாரை ஒரே நேரத்தில் முழுதாகத் திறப்பதில்லை. மூடியிருக்கும் பகுதிதான் பட்டையாக விழுகிறது. ட்ரிக்கர் வழியாக அடிக்கும்போது அப்படியும் பட்டை லேசாகத் தெரிந்தால் 1/160.

பின்னர் சேர்த்தது: நடு முனை இருக்கிறது, எல்லாம் சரி, ஆனாலும் அடிக்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். லைவ் வியூவில் எடுக்கிறீர்களா? பல கேனான் டிஎஸ்எல்ஆர்களில் திரையைப் பார்த்து எடுக்கும்போது மற்ற கம்பெனி ஃப்ளாஷ் அடிக்காது. லைவ் வியூவை அணைத்து, கண்ணை வியூஃபைண்டரில் வைத்து எடுங்கள். இன்னொருவருக்குப் பாப்-அப் போட்டால் படத்தின் அடியில் அரைவட்டமாக நிழல். லென்ஸ் ஹுட்டைக் கழற்றச் சொன்னேன், போய்விட்டது.