பழைய பிக்கப் டிரக்கில் ஃபியூஸும் ஃபியூசிபிள் லிங்க்கும் மாற்றுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1970, 1980களில் அமெரிக்காவில் விற்பனையான செவ்ரோலே, ஃபோர்டு, டாட்ஜ் பிக்கப் டிரக் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்குபவர், ஃபியூஸ் பெட்டியில் சில இடங்கள் காலியாக இருப்பதைப் பெரும்பாலும் காண்பார். கடையிலிருந்து ஒரு டப்பா ஃபியூஸ் வாங்கி வந்து அத்தனை இடங்களையும் நிரப்பிவிடுவதே முதல் தவறு. தயாரிப்பாளர்கள் ஒரே பெட்டியைப் பல வகை வண்டிகளுக்கும் பொருத்தினார்கள் என்பதால், ஏசியோ பவர் விண்டோவோ இல்லாத வண்டியில் அவற்றுக்குரிய இடங்கள் தொழிற்சாலையிலிருந்தே காலியாகத்தான் வந்திருக்கும். உள்ளே உலோக முனையும் அதன் பின்னால் வயரும் இருக்கின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மாடலுக்குரிய வயரிங் வரைபடத்தோடும் ஒப்பிட வேண்டும்.

ஹெட்லைட்டுக்கு உரிய ஃபியூஸைத் தேடி அலைவதும் இதே வகையைச் சேர்ந்தது. அக்காலத்து செவ்ரோலே, ஃபோர்டு டிரக்குகளில் ஹெட்லைட்டைக் காப்பது, அதன் சுவிட்சுக்குள்ளேயே அமைந்திருக்கும், சூடேறினால் துண்டித்து ஆறியதும் தானே மீண்டும் இணையும் சர்க்யூட் பிரேக்கர்தான். பெட்டிக்குள் சிறிய தகரக் கூடு போல ஏதாவது செருகியிருந்தால் அதுவும் அத்தகைய பிரேக்கராக இருக்கக்கூடும். அதைப் பழுதான ஃபியூஸ் என்று எண்ணிக் கழற்றி எறிந்துவிடக் கூடாது.

வயரும் முனையும் இருந்து ஃபியூஸ் மட்டும் இல்லையென்றால், முன்பிருந்தவர் அதை ஏன் எடுத்தார் என்பதுதான் அடுத்த கேள்வி. ஃபியூஸ் தானாகக் கழன்று விழுவது அரிது. போடப் போட எரிந்துபோனதால் சலித்துப்போய்க் கழற்றி வைத்தவர்களே அதிகம். ஆகவே புது ஃபியூஸைச் செருகுவதற்கு முன், அந்த இரு முனைகளுக்கும் குறுக்கே 12 வோல்ட், 21 வாட் பல்ப் ஒன்றை இணைத்து, அந்தச் சுற்றிலுள்ள சாதனங்கள் அனைத்தையும் நிறுத்திப் பார்ப்பது நல்லது. சாவியைத் திருப்பினால்தான் மின்சாரம் வரும் சுற்றென்றால் சாவியையும் திருப்ப வேண்டும். பல்ப் முழு ஒளியுடன் எரிந்தால் எங்கோ வயர் உரசி பாடியோடு ஷார்ட் ஆகியிருக்கிறது என்றே கொள்ளலாம். பல்ப் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடவிடாது என்பதால், அதை எரியவிட்டே வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பழுதைத் தேடலாம். ஒளி மங்கும் இடத்தில் காரணம் இருக்கும். ஃபியூஸ்களைப் பலிகொடுத்துத் தேடுவதைவிட இது மலிவு.

ஃபியூஸின் ஆம்பியர் அளவு, அது செல்லும் வயர் தாங்கக்கூடிய அளவைத் தாண்டாதபடி வைக்கப்பட்டது. 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் எரிகிறது என்று 30 ஆம்பியர் பச்சையைச் செருகினால், அடுத்த முறை எரிவது டாஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் வயராகத்தான் இருக்கும். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் உள்ள பழைய மாடல்களில் நீளத்தையும் கவனிக்க வேண்டும். எஸ்எஃப்ஈ வகையில் ஆம்பியர் மாற மாற நீளமும் மாறும்: 9 ஆம்பியர் ஃபியூஸ் முக்கால் அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், 20 ஆம்பியர் ஒன்றேகால் அங்குலம் இருக்கும். ஏஜிசி வகையிலோ எல்லாமே ஒன்றேகால் அங்குலம்தான். பொருந்தாத ஒன்றைக் கிளிப்பை வளைத்துத் திணித்தால், தொடர்பு தளர்ந்து அந்த இடமே சூடாகி, ஷார்ட் எதுவும் இல்லாமலே ஃபியூஸ் உருகும்.

ஃபியூசிபிள் லிங்க் விஷயத்தில்தான் பெரிய சேதங்கள் நிகழ்கின்றன. பேட்டரிக்கும் பிரதான வயர்களுக்கும் இடையில் அமைந்த, மின்னோட்டம் மிகுந்தால் மற்ற வயர்களுக்கு முன் தானே உருகித் துண்டிக்கும்படி வேண்டுமென்றே மெலிதாக வைக்கப்பட்ட ஒரு துண்டு வயர் இது; 1980களின் ஃபோர்டு டிரக்கில் வலதுபுற உள் ஃபெண்டரிலுள்ள ஸ்டார்ட்டர் ரிலேயின் பேட்டரி முனையில் இவற்றைக் காணலாம். மேலுறை சிதையாமலே உள்ளே கம்பி உருகியிருக்கக்கூடும் என்பதால், பார்த்து மட்டும் முடிவு செய்யாமல் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். ரப்பர் போல நீண்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. பேட்டரியைத் தலைகீழாக இணைத்ததே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும்; அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரின் டயோடுகளையும் கெடுத்திருக்கலாம் என்பதால், அவற்றையும் சோதித்துவிடுவது நல்லது.

அதன் இடத்தில் சாதாரண வயரை இணைப்பது, பலர் செய்யும், மிக ஆபத்தான தவறு. லிங்க்கின் உறை தீப்பற்றாமல் உருகலைத் தாங்கும்படி செய்யப்பட்டது. பிளாஸ்டிக் உறை அப்படியல்ல. அந்த உறை தடித்தது என்பதால், வெளி விட்டத்தை ஒப்பிட்டு மாற்று லிங்க் வாங்குபவர் தேவைக்கு மீறிய தடிமனில் வாங்கிவிடுவார். பாதுகாக்கப்படும் வயரைவிட நான்கு கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) மெலிதாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி: 10 கேஜ் வயருக்கு 14 கேஜ் லிங்க். அமெரிக்கக் கேஜில் எண் கூடக் கூட கம்பி மெலியும். ஜப்பானிய டிரக்குகளில் வழங்கும் சதுர மில்லிமீட்டர் கணக்கிலோ எண் கூடக் கூட கம்பி தடிக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கியவர்கள் உண்டு. நீளத்தையும் ஏறத்தாழ 9 அங்குலத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

லிங்க்குக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸை (தட்டையான இரு கால்கள் கொண்ட பிளாஸ்டிக் ஃபியூஸ்) வைப்பதும் சரிவராது. லிங்க் கணநேர மிகைச் சுமையைப் பொறுத்துக்கொள்ளும். சிறு ஃபியூஸ் ஆல்டர்நேட்டரின் வழக்கமான சார்ஜிங்கிலேயே எரிந்துபோகலாம். மாற்றியே தீர வேண்டுமென்றால், வயரின் தடிமனையும் ஆல்டர்நேட்டரின் அளவையும் கணக்கிட்டு மேக்ஸி எனப்படும் பெரிய பிளேடு ஃபியூஸையும் அதற்குரிய ஹோல்டரையும் பொருத்துவதே முறை.

லிங்க்குக்கு முன்னால் வேறு பாதுகாப்பு ஏதும் கிடையாது என்பதால், பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றாமல் ஸ்பேனரை அங்கே கொண்டுபோகவே கூடாது. இணைப்பை கிரிம்ப் செய்து (உலோக இணைப்பியை வயர்மேல் அழுத்தி நசுக்கி), பசையுள்ள சுருங்கும் குழாயால் மூடி, எக்சாஸ்ட்டையும் பெட்ரோல் குழாயையும் தொடாத பாதையில் வயரைச் செலுத்த வேண்டும். பேட்டரியை மீண்டும் இணைத்தபின், ஹெட்லைட்டையும் ஹீட்டர் ஃபேனையும் போட்டுவிட்டு லிங்க்கின் இரு முனைகளுக்கும் இடையே வோல்டேஜை அளக்கலாம். அரை வோல்ட் அளவுக்கு இழப்பு தெரிந்தால் இணைப்பை அவிழ்த்து மீண்டும் செய்ய வேண்டும்.